கிரேக்க ஃபாவா: பட்டாணிப் பருப்பு மசியலை வீட்டில் செய்வது எப்படி?

துவரம்பருப்பை மசித்து ஆலிவ் எண்ணெய் ஊற்றினால் கிரேக்க ஃபாவா ஆகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. துவரைக்கென்று ஒரு வாசனை உண்டு, எவ்வளவு எண்ணெய் விட்டாலும் போகாது. மளிகைக் கடையில் பட்டாணிப் பருப்பு என்று கேளுங்கள். பார்வைக்குக் கடலைப்பருப்பு மாதிரியே இருக்கும், ஆனால் இன்னும் வழவழப்பாக இருக்கும். ஃபாவா பீன்ஸ் என்று விற்கும் பெரிய அவரைக்கொட்டை இதற்கு வேண்டாம்.

இந்த மசியலுக்குப் பேர்போன ஊர் சாண்டோரினி தீவு. அங்கே விளைவது லதைரஸ் கிளைமெனம் என்ற, பட்டாணிக்கு உறவான வேறொரு கொடி. எரிமலை மண்ணில், மழை குறைந்த இடத்தில் வளர்வது. சுமார் 3500 ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்த, அந்தத் தீவின் பழைய ஊரான அக்ரோத்திரியைத் தோண்டியபோதுகூட இந்தப் பருப்பு கிடைத்திருக்கிறது. அசல் சாண்டோரினிப் பருப்பு விலை அதிகம். கிரேக்கத்திலேயே சாதாரண மஞ்சள் பட்டாணிப் பருப்பிலும் செய்கிறார்கள். அதனால் மனக்குறையில்லாமல் ஆரம்பிக்கலாம்.

கால் கிலோ பருப்பைத் தண்ணீர் தெளியும்வரை கழுவுங்கள். அடி கனத்த பாத்திரத்தில் இரண்டு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் விட்டு, ஒரு பெரிய வெங்காயத்தை நறுக்கிப் போட்டு, நிறம் மாறாமல் வதக்குங்கள். பருப்பைப் போட்டு ஒரு புரட்டு புரட்டி, முக்கால் லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். கொதி வந்ததும் வெண்ணுரை பொங்கி வரும். அதைக் கரண்டியால் முழுக்க எடுத்துவிடுங்கள். பிறகு தீயைத் தணித்து ஒரு பிரிஞ்சி இலை போட்டு, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வேகவிடுங்கள். வற்றினால் வெந்நீர் மட்டும் சேர்க்கவும். குக்கரில் வைக்கலாம்தான், ஆனால் திறந்து வேகவைத்தால்தான் பதம் நம் கையில் இருக்கும்.

அந்தப் பதம்தான் இதில் எல்லாமே. கரண்டியால் கிளறும்போது பருப்பு கரைந்து, கூழ் மாதிரி தளர்வாக ஓடும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும். ஆறினால் தானாக இறுகும். கெட்டியாகும்வரை அடுப்பில் வைத்தால் தட்டில் களியாகிவிடும். இலையை எடுத்துவிட்டு, உப்புப் போட்டு, மத்தாலோ மிக்ஸியிலோ மசித்துக்கொண்டே நான்கைந்து மேசைக்கரண்டி நல்ல ஆலிவ் எண்ணெயைச் சிறுகச் சிறுக விடுங்கள். எண்ணெய் உள்ளே போகப் போக மசியல் வெளுத்துப் பளபளக்கும், அதைப் பார்ப்பதே ஓர் ஆனந்தம். எலுமிச்சைச் சாற்றைக் கடைசியில்தான் பிழிய வேண்டும். முதலிலேயே புளிப்பு சேர்ந்தால் பருப்பு வேகாமல் அடம்பிடிக்கும்.

மஞ்சள்தூள், பெருங்காயம், கடுகுத் தாளிப்பு எதுவும் வேண்டாம். கை துறுதுறுக்கும், தயவுசெய்து அடக்கிக்கொள்ளுங்கள். இங்கே பருப்பின் மெல்லிய இனிப்பும் எண்ணெயின் காரலும்தான் சுவை.

வெதுவெதுப்பாகத் தட்டில் பரப்பி, மேலே பொடியாக நறுக்கிய பச்சை வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் விட்டு ரொட்டியோடு சாப்பிடுங்கள். கேப்பர் என்ற உப்பிலிட்ட பூமொட்டு கிடைத்தால் உப்பு போகக் கழுவித் தூவுங்கள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில் இறைச்சியும் பாலும் விலக்கும் கிரேக்க வீடுகளில் இது வயிறு நிறைக்கும் சாப்பாடு. மிஞ்சினால் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் இறுகியிருக்கும், உருண்டை பிடித்து மாவில் புரட்டி எண்ணெயில் பொரித்துவிடலாம்.