லினக்ஸ் மின்ட் போட்ட டெஸ்க்டாப்புக்கு எந்த வைஃபை கார்டு வாங்கலாம்?

கேள்வி: ரைசன் பிராசஸர் வைத்து அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். மதர்போர்டில் வைஃபை இல்லை. லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறேன். ரவுட்டர் ஹாலில் இருக்கிறது, கம்ப்யூட்டர் உள் அறையில். யுஎஸ்பி டாங்கிள் வாங்குவதா, உள்ளே செருகும் கார்டு வாங்குவதா?

பதில்:

உள்ளே செருகும் கார்டுதான். இன்டெல் ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210 சிப் உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டாகக் கேட்டு வாங்குங்கள். அவசரம் என்றால் இவ்வளவு போதும், கடைக்குக் கிளம்பலாம். கொஞ்சம் நேரம் இருந்தால் மீதியையும் படித்துவிட்டுப் போங்கள். கடையில் "இதுவும் அதேதான் சார்" என்று எடுத்து நீட்டுவது பெரும்பாலும் அது இல்லை.

2021-ல் என் தங்கை மகள் பிளஸ் டூ முடித்த சமயம், அவளுக்கு ஒரு டெஸ்க்டாப் சேர்த்துக் கொடுத்து மின்ட் 20 போட்டேன். வைஃபைக்கு ஒரு யுஎஸ்பி டாங்கிள். பெட்டியில் லினக்ஸ் வேலை செய்யும் என்று அச்சிட்டிருந்தது, உள்ளே டிரைவர், அதாவது டாங்கிளை இயக்கும் நிரல், இருக்கும் சிடியும் இருந்தது. நானே உட்கார்ந்து டிரைவரின் மூல நிரலைக் கம்பைல் செய்து, அதாவது கம்ப்யூட்டர் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றிப் போட்டேன். இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. பொறியியல் கலந்தாய்வுக்குக் கல்லூரி விருப்பப் பட்டியலைப் பதிய மறுநாள் கடைசி நாள் என்ற நிலையில், ராத்திரி ஒன்பது மணிக்கு அவளிடமிருந்து போன். "மாமா, வைஃபை ஐகானே காணோம். அப்டேட் கேட்டுச்சு, கொடுத்தேன். வேற ஒண்ணும் பண்ணலை." அழாத குறை.

அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. அப்டேட்டில் புதிய கர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, வந்திருந்தது. லினக்ஸ் கர்னல் ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பாக வரும், ஒவ்வொரு முறையும் அதன் உள் அமைப்பு கொஞ்சம் மாறும். கர்னலுக்குள்ளேயே இருக்கும் டிரைவர்களை, மாற்றம் செய்கிறவர்களே கூடவே திருத்திவிடுவார்கள். வெளியிலிருந்து நாம் கம்பைல் செய்து ஒட்டவைத்த டிரைவர் பழைய கர்னலோடு நின்றுபோகும். டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு புதிய கர்னலுக்கு அதைத் தானாகவே மறுபடி கம்பைல் செய்து பார்க்கும். ஆனால் மூல நிரலே புதிய கர்னலுக்குப் பொருந்தவில்லை என்றால் அதனாலும் ஒன்றும் செய்ய முடியாது. கையொப்பம் இல்லாத நிரலைத் தடுக்கும் செக்யூர் பூட் இயங்கும் கம்ப்யூட்டராக இருந்தால் அந்த டிரைவருக்குத் தனியாகக் கையொப்பம் இடும் வேலையும் சேர்ந்துகொள்ளும்.

அன்று ராத்திரி அவளிடம் போனை யுஎஸ்பி கேபிளில் கம்ப்யூட்டரோடு சேர்த்து, செட்டிங்ஸில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யச் சொன்னேன். இரண்டு நிமிஷத்தில் நெட் வந்துவிட்டது, பட்டியலையும் பதிந்துவிட்டாள். நீங்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு போனாக இருந்தால் மின்ட்டில் இதற்கு எந்த டிரைவரும் போட வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் கிளம்பும்போது வரும் பட்டியலில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்தாலும் டாங்கிள் அன்று வேலை செய்திருக்கும்.

அதற்குப் பிறகு யாருக்குக் கார்டு வாங்கினாலும் நான் கேட்பது ஒன்றே: இதில் இருப்பது எந்த சிப், அதற்கான டிரைவர் நம் கர்னலிலேயே இருக்கிறதா? பெட்டியில் இருக்கும் பிராண்டும் வேக எண்ணும் இதைச் சொல்லாது. ஒரே பிராண்டு, ஒரே மாடல் எண், ஆனால் வி1-ல் ஒரு சிப், வி2-ல் முற்றிலும் வேறு சிப் என்று வந்த டாங்கிள்கள் உண்டு. அதனால் பெட்டியின் பின்பக்க ஸ்டிக்கரில் ஹார்டுவேர் வெர்ஷன் என்ன என்பதையும் பாருங்கள்.

இன்டெல்லைச் சொல்வதற்குக் காரணம், அதன் டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது. ஏஎக்ஸ்200-க்குக் கர்னல் 5.1, ஏஎக்ஸ்210-க்கு 5.10 இருந்தால் போதும். மின்ட் 21-ல் 5.15, மின்ட் 22 வெளிவந்தபோதே அதில் 6.8 என்பதால் உங்களுக்கு இரண்டுமே ஓடும். சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பும் மின்ட்டோடு கூடவே வருகிறது.

ஆனால் ஒரு இடத்தில் ஜாக்கிரதை. ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 என்றும் இன்டெல்லில் கார்டுகள் உண்டு. பார்க்க அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும், எம்.2 என்ற அதே சின்னக் கார்டு அளவு. ஆனால் அவற்றில் வைஃபையின் பாதி வேலையை இன்டெல் பிராசஸர் பக்கமே செய்ய வேண்டும். உங்களுடைய ரைசனில் அது செத்த கார்டு. கடைசி இலக்கம் 0 என்றால் வாங்குங்கள், 1 என்றால் திருப்பிக் கொடுங்கள். இந்தக் கணக்கு ஏஎக்ஸ் வரிசைக்கு மட்டும்தான். பழைய 9560-ம் 0-வில்தான் முடிகிறது, ஆனால் அதுவும் இன்டெல் பிராசஸருக்கு மட்டுமானது.

கடையில் கிடைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு என்பது உண்மையில் ஒரு பச்சை அல்லது கறுப்புப் பலகை, அதன்மேல் அந்தச் சின்ன எம்.2 கார்டு, இரண்டு ஆன்டெனா. அதோடு பாலிதீன் பையில் ஒரு மெல்லிய கேபிளும் இருக்கும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வைஃபை மட்டும்தான் பிசிஐ வழியாகப் போகிறது, புளூடூத் யுஎஸ்பி வழியாகப் போகிறது. அந்தக் கேபிளின் ஒரு முனை கார்டில், மறுமுனை மதர்போர்டின் கீழ் ஓரத்தில் இருக்கும் ஒன்பது பின் யுஎஸ்பி 2.0 ஹெடரில். ஹெடரில் ஒரு மூலையில் ஒரு பின் இருக்காது, கேபிளில் அதே மூலை அடைத்திருக்கும், அதைப் பார்த்துச் செருகுங்கள். "வைஃபை வருது, புளூடூத் வரலை" என்று என்னிடம் வந்த கம்ப்யூட்டர்களில் பலவற்றில் இந்தக் கேபிளே மாட்டப்படவில்லை.

யுஎஸ்பிதான் வசதி என்றால் மீடியாடெக் சிப் பாருங்கள். எம்டி7612யு சிப்புக்குக் கர்னல் 4.19-லிருந்தே டிரைவர் உண்டு. வைஃபை 6 வேண்டுமென்றால் எம்டி7921ஏயு. அதற்குக் கர்னல் 5.19 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது, அதாவது மின்ட் 22-ல் யோசிக்காமல் வாங்கலாம். ரியல்டெக் சிப் டாங்கிள்கள்தான் எங்கும் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றின் நிலைமையும் இப்போது நன்றாகவே மாறிவருகிறது. ஆனால் பரவலாக விற்ற ஆர்டிஎல்8812ஏயு சிப்புக்கே கர்னல் 6.14-ல்தான் உள்ளேயே டிரைவர் வந்தது. மின்ட் 22 வெளிவந்தபோது இருந்த 6.8-ல் அது இல்லை. கையில் ஏற்கெனவே டாங்கிள் இருந்தால் அதைச் செருகி, டெர்மினலில் எல்எஸ்யுஎஸ்பி (lsusb) என்ற கட்டளையைக் கொடுங்கள், சிப்பின் அடையாள எண் தெரியும். உள்ளே செருகிய கார்டுக்கு எல்எஸ்பிசிஐ (lspci).

டாங்கிளை யுஎஸ்பி 3.0 போர்ட்டில், பக்கத்தில் பென் டிரைவோ ஹார்டு டிஸ்க்கோ இருக்கும்படி செருகினால் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை திணறும். யுஎஸ்பி 3.0 எழுப்பும் இரைச்சல் அதே அலைவரிசையில் விழுகிறது. ஒரு அடி எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டுத் தள்ளி வைத்தால் சரியாகிவிடும்.

வாங்கும்போது கையோடு மின்ட் லைவ் பென் டிரைவ் (இன்ஸ்டால் செய்யாமலே மின்ட்டை ஓட்டிப் பார்க்க உதவுவது) ஒன்றை எடுத்துப் போங்கள். டாங்கிளாக இருந்தால் சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் கடையிலேயே ஒரு கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டச் சொல்லலாம். ஐந்து நிமிஷ வேலை. ஆன்லைனில் என்றால் சிப் பெயரை வெளிப்படையாகப் போட்டிருக்கும் பொருளை மட்டும், திருப்பித் தரும் வசதியோடு வாங்குங்கள்.

கம்ப்யூட்டர் உள் அறையில் என்கிறீர்கள். கார்டின் பின்னாலேயே திருகும் குச்சி ஆன்டெனா வேண்டாம். கேபினெட் மேஜைக்கு அடியில் சுவரை ஒட்டி இருக்கும், இரும்புப் பெட்டிக்குப் பின்னால் ஆன்டெனா ஒளிந்துகொள்ளும். ஒரு மீட்டர் ஒயரும் காந்த அடித்தளமும் உள்ள ஆன்டெனாவோடு வரும் கார்டைத் தேடுங்கள். டாங்கிளை எடுத்துவிட்டு தங்கை வீட்டில் அப்படி ஒரு ஏஎக்ஸ்200 போட்டோம். மேஜைக்கு அடியில் வைத்திருந்தபோது இரண்டு கோடுதான் காட்டியது. பீரோ மேல் ஏற்றி வைத்ததும் நான்கும் வந்தது. மின்ட் 20 போய் 21, 22 என்று மாறியும் அந்தக் கார்டுக்காக அவள் எனக்குப் போன் செய்யவே இல்லை.