இறுதிச்சடங்கு நிலையம் நடத்தும் குடும்பத்தில் யாராவது இருக்கிறீர்களா? அதை ஆரம்பித்தவர் எப்படிப்பட்டவர்?

இருக்கிறேன். ஆரம்பித்தவர் என் தாத்தா.

அவர் தச்சர். கதவு, கட்டில் செய்துகொண்டிருந்தவரிடம், ஊரில் யாராவது தவறிவிட்டால் சவப்பெட்டிக்கும் வந்து நிற்பார்கள். பெட்டியைக் கொண்டுபோன வீட்டில் அடுத்து என்ன செய்வதென்றே தெரியாமல் நிற்கிறவர்களைப் பார்த்தபின், அதை இறக்கி வைத்துவிட்டுத் திரும்ப மனசு வரவில்லை என்பார். சின்ன ஊர், எல்லாரும் தெரிந்த முகம் வேறு. பல நாடுகளில் பழைய நிலையங்கள் இப்படி மரப்பட்டறையிலிருந்து வந்தவைதான்.

எங்களுக்கு அவர் வைத்த முதல் விதி, 'பாடி' என்ற சொல் வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. "பாடியை எப்போ எடுத்துட்டு வருவீங்க?" என்று போனில் கேட்டால், "அம்மாவை இன்னும் ஒரு மணி நேரத்துல கூட்டிட்டு வந்துடுறோம்" என்பார். அதற்கப்புறம் எதிர்முனையில் இருப்பவரும் அம்மா என்றே பேச ஆரம்பிப்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

வேலையிலும் அப்படித்தான். இறந்த சில மணி நேரத்திலேயே இமையிலும் தாடையிலும் விறைப்பு தொடங்கும், சுமார் 12 மணி நேரத்தில் உடம்பு முழுக்கப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் மெல்லத் தளரும். அதனால் கண்ணையும் வாயையும் முதலிலேயே மூடிவிடச் சொல்வார். தலைக்கடியில் கட்டை வைத்துக் கொஞ்சம் உயர்த்துவார், இல்லையென்றால் ரத்தம் முகத்தில் தேங்கி நிறம் மாறிவிடும்.

பணத்தை முதல் நாளே, ஒவ்வொரு செலவாகத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுவார். அமெரிக்காவில் 1984 முதல் இப்படி விலைப்பட்டியல் கொடுக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அழுதுகொண்டிருப்பவர்கள் பேரம் பேச மாட்டார்கள், அதை வைத்துச் சம்பாதிப்பது திருட்டு என்று அவர் சொன்னதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

நான் முதல்முறை தனியாக ஒரு பெரியவரைக் குளிப்பாட்டி, சட்டை போட்டு, தலை வாரி வைத்தேன். எல்லாம் சுத்தமாக இருந்தது. மகள் உள்ளே வந்து பார்த்துவிட்டு, "இது எங்க அப்பா மாதிரியே இல்லையே" என்று கதவருகிலேயே நின்றுவிட்டார். தாத்தா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பெண்ணிடம் போட்டோ இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் பார்த்தார், சீப்பை நனைத்து வகிட்டை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றினார். அவ்வளவுதான். அந்த அம்மா கிட்டே வந்து அப்பாவின் நெற்றியில் கை வைத்தார்.

தாத்தா போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. எங்கள் விவரத் தாளில் பெயர், வயதுக்கு அடுத்த வரி இப்போதும் அதுதான்: வகிடு எந்தப் பக்கம்?