இடைக்காலப் போர் விளையாட்டைப் பண்டைய உலகுக்கு மாற்றுதல்: கேள்வி பதில்

ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகம், குருசேடர் கிங்ஸ் ஆகிய கணினி விளையாட்டுகளைப் பண்டைய நாகரிகங்களுக்கு ஏற்ப மாற்ற முயலும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். கேள்விக்கு முன் இருப்பது கேட்டவரின் ஊர். நிரல் எழுதுவது என் துறை அன்று என்பதால், அது பற்றியவற்றை விட்டுவிட்டேன்.

ஆரையம்பதி: நைட் என்ற இடைக்கால ஐரோப்பியக் குதிரைவீரனை உரோமக் குதிரைவீரன் என்று பெயர் மாற்றினால் போதுமா, சேர்?

போதாது. விளையாட்டில் 60 உணவும் 75 தங்கமும் கொடுத்தால் லாயத்திலிருந்து நைட் வந்துவிடுகிறான். வரலாற்றில் அவனையும் அவன் குதிரையையும் தாங்கியது பிரபு அளித்த நிலமானியம். உரோமைக் குடியரசிலோ குடிமக்களின் சொத்துக் கணக்கெடுப்பே யார் குதிரைப்படைக்கு உரியவர் என்பதைத் தீர்மானித்தது. ஆகவே குதிரைவீரர் எண்ணிக்கைக்கு ஒரு மேல் எல்லை வைத்து, அதைக் கணக்கெடுப்புடன் இணையுங்கள். பெயரை மாற்றுவதற்கு முன், வீரனுக்குச் சோறு போடுவது யார் என்று கேளுங்கள்.

வாழைச்சேனை: டிரெபுஷே என்ற கல்லெறி பொறியை வைத்திருக்கலாமா?

எதிரெடையால் இயங்கும் அந்தப் பொறி 12ஆம் நூற்றாண்டுக்குரியது. முறுக்கிய நரம்புக் கயிறுகளால் இயங்கும் பொறிகள் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கரிடம் இருந்தன, அவற்றை வையுங்கள்.

கல்முனை: அங்கவடி (குதிரைவீரன் கால் வைக்கும் வளையம்) இல்லாத காலமாதலால் குதிரைப்படையை நீக்கிவிடலாமா?

வேண்டாம். அலெக்சாந்தரின் குதிரைப்படை அங்கவடி இல்லாமலே ஈட்டியுடன் பாய்ந்து தாக்கியது.

திருக்கோவில்: சங்ககாலக் குறுநிலத் தலைவர்களான வேளிரைக் குருசேடர் கிங்ஸில் வரும் வசல்களாக அமைத்திருக்கிறேன். சரிதானே, அண்ணா?

தம்பி, இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். வசல் என்பவன் மேலரசனுக்குக் கட்டுப்பட்டவன், அவன் நிலம் மேலிருந்து வருகிறது. வேளிரின் நிலம் அவர்கள் குடிக்கே உரியது. வேளிருள் ஒருவனான பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் சேர்ந்து முற்றுகையிட நேர்ந்ததே அதனால்தான். வேளிரைப் பரிசு கொடுத்து ஏலத்தில் வெல்லவேண்டிய துணைவர்களாக அமையுங்கள். போருக்குக் காரணமாகப் போலி உரிமைப் பத்திரம் தயாரிக்கும் வழிமுறையை எடுத்துவிட்டு, வெட்சிப் பூச் சூடி எதிரியின் ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையை, கவர்வதைப் போரின் தொடக்கமாக வையுங்கள். 100 தங்கத்துக்கு வந்து எதிரியை மதம் மாற்றும் துறவிக்குப் பதிலாகப் புலவரை வைக்கலாம். கோவூர் கிழார், நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பொருதபோது, இருவரில் எவர் தோற்றாலும் தோற்பது சோழர் குடியே என்று பாடியவர்.

களுவாஞ்சிக்குடி: சிற்றரசர் திறை செலுத்தினார்களே, அது வசல் முறையன்றி வேறென்ன?

தோற்றவன் கொடுப்பது திறை. அதைக் கொடுத்ததனால் அவன் நிலம் வென்றவன் தந்த மானியம் ஆகிவிடாது. சிற்றரசன் மலையமான் திருமுடிக்காரியைக் கபிலர் பாடிய பாட்டைப் பாருங்கள்: மூவேந்தருள் ஒருவர் தமக்குத் துணையாகுமாறு புகழ்ந்து தரும் பொருளும் அவனைப் பாடி வருவோருக்கே உரியது என்கிறார். வேந்தரே தேடி வந்து பொருள் கொடுக்கும் ஒருவனை எந்த நாட்டில் வசல் என்பார்கள்?

களுவாஞ்சிக்குடி, மீண்டும்: ஏனாதி, காவிதி பட்டங்களை வேந்தர்தானே கொடுத்தனர்?

ஆம், இது நல்ல மறுப்பு. ஆயினும் அவை தம் பணியில் இருந்தோருக்கு அளித்த சிறப்புகள். பட்டம் பெற்றவரை ஒரு வகையாகவும் வேளிரை மற்றொரு வகையாகவும் பிரித்தால் உங்கள் கணக்கும் என் கணக்கும் பொருந்தும்.

அக்கரைப்பற்று: நைட்டுக்கு ஸ்பார்ட்டா வீரன் என்று பெயரிடலாமா?

முதற்பதிலைப் படியுங்கள்.

மட்டக்களப்பு நகர்: நமது கோட்டையை இதில் சேர்க்க முடியுமா?

போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது; பண்டைய உலகுக்கு உதவாது.

திருக்கோவில்: ஏலமுறையைச் சோதித்துப் பார்த்தீர்களா?

கடந்த போயா விடுமுறையில் எங்கள் வீட்டு விறாந்தையில் பாய் விரித்து, புளியங்கொட்டையை மாடாகவும் சோகியை வீரராகவும் வைத்து மூவர் விளையாடினோம். சேரனாக இருந்தவர் வேளிர் அனைவரையும் வென்றார். ஆனால் பரிசாகக் கொடுத்துக் கொடுத்தே அவர் புளியங்கொட்டைகள் தீர்ந்துவிட்டன. கவர்வதற்கு அவரிடம் ஆநிரையே இல்லாததால், மற்ற இருவராலும் அவர்மீது போர் தொடங்க முடியவில்லை. இந்த ஓட்டையை அடைக்க, மாடு கையிருப்பில் ஒரு குறைந்தபட்ச அளவை இப்போது சேர்த்திருக்கிறேன்.