ஜாலி பாய் தீவுக்கு ஒரு நாள்: நீச்சல் தெரியாத அம்மாவையும் கூட்டிப்போகலாமா?

கேள்வி: ஐந்து நாள் பயணமாக அந்தமான் போகிறோம். அதில் ஒரு நாளை ஜாலி பாய் தீவுப் படகுப் பயணத்துக்கு ஒதுக்கலாமா? கூட வரும் அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, நீச்சலும் தெரியாது.

தாராளமாக ஒதுக்கலாம். அம்மாவையும் கூட்டிப்போங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்குத் தீவு மூடியிருக்கும்.

இன்றைக்குச் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஏஜென்ட் வண்ணத்தில் அச்சடித்துக் கொடுத்த தாளில் 'மூன்றாம் நாள்: ஜாலி பாய்' என்று இருந்தது. மூன்றாம் நாள் திங்கட்கிழமை. அவரும் நாள்காட்டியைப் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. போய் இறங்கிய பிறகு ஓட்டல் வரவேற்பில் இருந்த பையன்தான் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, மண்டே பார்க் லீவாச்சே" என்றான். (தமிழ்ப் பையன். தாத்தா காலத்திலேயே பரமக்குடிப் பக்கமிருந்து போன குடும்பமாம். அந்த ஊரில் தமிழ் பேசியே பாதி வேலையை முடித்துவிடலாம்.) ஏஜென்ட்டுக்குப் போன் போட்டால், "அப்படியா மேடம்?" என்று எங்களிடமே கேட்டார். 'எல்லாம் சேர்த்துதான்' என்று அவர் சொன்னதில் வனத்துறை அனுமதிச் சீட்டும் சேரவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்தச் சீட்டு இல்லாமல் படகில் ஏற்ற மாட்டார்கள். ஆகவே திங்கட்கிழமை அடையாள அட்டை நகல்களோடு வரிசையில் நின்று சீட்டு வாங்கியதில் கழிந்தது, செவ்வாய்க்கிழமை தீவு. அதற்காகச் சிடியா டாப்பு கடற்கரையில் சூரிய அஸ்தமனம் பார்ப்பதைத் தியாகம் செய்தோம்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மவர்கள் எல்லாரும் 'ஜாலி பாய்' என்றால் ஏதோ உல்லாசப் பையன் என்று நினைத்துக்கொள்கிறோம். அது பையன் இல்லை, கடலில் கட்டிவிடுகிற மிதவை. போர்ட் பிளேருக்கும் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஆட்டோக்காரர் முதல் ஓட்டல்காரர் வரை எங்களிடம் பேசியவர்கள் பழைய பெயரைத்தான் சொன்னார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

இந்தத் தீவு வண்டூர் பக்கம் இருக்கும் மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. 1983-இல் அறிவிக்கப்பட்ட பூங்கா, 15 தீவுகள். சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்திருப்பது இரண்டுதான்: ஜாலி பாய், ரெட் ஸ்கின். அதுவும் ஒரே நேரத்தில் இல்லை. ஏறக்குறைய நவம்பரிலிருந்து மே வரை ஜாலி பாய், மழைக்காலத்தில் ரெட் ஸ்கின். ஒன்று திறந்திருக்கும்போது மற்றது ஓய்வெடுக்கும். ஜூலை மாதம் ஒருவர் உங்களுக்கு 'ஜாலி பாய் கன்ஃபர்ம்' என்று சொன்னால் அவரிடம் அடுத்த கேள்வி கேட்காமல் போனை வைத்துவிடலாம்.

போர்ட் பிளேரிலிருந்து வண்டூர் சுமார் 30 கிலோமீட்டர். படகுகள் காலையிலேயே கிளம்பிவிடும் என்பதால் ஆறரைக்கெல்லாம் வண்டி ஏறவேண்டியிருந்தது. அந்தமானில் அது பெரிய கஷ்டமில்லை. ஐந்து மணிக்கு மேல் வெளிச்சம் வந்துவிடும், சாயங்காலம் ஐந்தரைக்கு இருட்டிவிடும். நம் கடிகாரம்தான், சூரியன் மட்டும் பர்மாக்காரன்.

வண்டூரில் படகுத்துறைக்கு முன்னால் ஒரு சோதனை நடக்கும். விமான நிலையத்தில் கத்தியைத் தேடுகிற மாதிரி இங்கே பிளாஸ்டிக்கைத் தேடுகிறார்கள். தண்ணீர் பாட்டில், பிஸ்கட் பாக்கெட், சிப்ஸ், கேரி பேக் எதுவும் உள்ளே போகாது. தண்ணீருக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு அவர்களே ஒரு பாட்டில் தருகிறார்கள், திரும்பி வந்து ஒப்படைத்தால் பணம் கைக்கு வந்துவிடும். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு குடும்பம் நான்கு பாக்கெட் பிஸ்கட்டைப் பிரித்து ஆளுக்கு ஒரு கைப்பிடியாக அங்கேயே தின்றுகொண்டிருந்தது. என் மாமியாரின் பையைத் திறந்தார்கள். எவர்சில்வர் தூக்கில் புளியோதரை, வாழை இலையில் சுற்றிய இட்லி, துணிப்பையில் முறுக்கு. சோதனை செய்த அம்மா நிமிர்ந்து அத்தையைப் பார்த்துச் சிரித்துவிட்டார். மாட்டியது கடைசியில் ஒரு ரூபாய் பாக்குப் பொட்டலம் மட்டும்தான். அதையும் பிரித்து, பாக்கை முந்தானையில் முடிந்துகொண்டு, உறையை மட்டும் கொடுத்துவிட்டு வந்தார்.

நீங்களும் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். தீவில் கடை கிடையாது. டீ கிடையாது, இளநீர் கிடையாது, மின்சாரம் கிடையாது. ராத்திரி தங்கவும் முடியாது. அதனால்தான் அந்தத் தண்ணீர் அப்படி இருக்கிறது.

படகில் முதல் முக்கால் மணி நேரம் குளத்தில் போகிற மாதிரிதான். இரண்டு பக்கமும் தீவுகள், கரையோரம் அலையாத்தி மரங்கள் வேர்களை ஊன்றிக்கொண்டு நிற்கின்றன, அலையே இல்லை. தீவுகளின் இடைவெளியைத் தாண்டித் திறந்த கடலுக்கு வந்ததும் கொஞ்சம் ஆடும். அம்மாவுக்குப் பஸ்ஸில் போனாலே குமட்டும் என்றால் டாக்டரைக் கேட்டு வாந்தி மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். படகின் நடுப்பகுதியில் உட்காரவையுங்கள், செல்போனைப் பார்க்க வேண்டாம், தூரத்துத் தீவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் அம்மா விஷயத்தில் நான் யோசிக்கச் சொல்வது நீச்சலைப் பற்றி இல்லை, முழங்காலைப் பற்றி. ஜாலி பாயில் பெரிய படகு கரை வரை வராது. கொஞ்ச தூரத்தில் நிறுத்தி, கண்ணாடி அடித்தளம் போட்ட சின்னப் படகுக்கு மாற்றிவிடுவார்கள். இரண்டு படகும் தனித்தனியாக ஏறி இறங்கும். அது மேலே வரும்போது இது கீழே போகும். படகுக்காரர் கையைப் பிடித்து "ருக்கோ... ருக்கோ... அப்" என்று சொல்கிற அந்த ஒரு நொடியில் காலை வைத்துவிட வேண்டும். பாதி வைத்துவிட்டு யோசிக்கக்கூடாது. கரையில் இறங்கும்போதும் முழங்கால் அளவு தண்ணீர் இருக்கலாம். அத்தை கண்டாங்கியை ஒரு சாண் தூக்கிச் செருகிக்கொண்டு என்னைவிட லாவகமாகத் தாண்டினார். வயல் வரப்பில் நடந்த கால். புடவை கட்டி இப்படித் தாண்டிப் பழக்கமில்லாதவர்களுக்குச் சுடிதார் நல்லது. செருப்பு பின்வார் வைத்ததாக இருக்கட்டும். முழங்கால் மாற்று அறுவை செய்தவர், மூட்டு வலி அதிகம் உள்ளவர் என்றால் மட்டும் நான் வேண்டாம் என்பேன்.

இனி கண்ணாடிப் படகு. டிக்கெட்டோடு ஒரு சின்னச் சுற்று காட்டுகிறார்கள், நீண்ட சுற்றுக்குத் தனிக் காசு. கண்ணாடியில் கீறல் இருந்தது, மேலே வெயில் அடித்து வானம்தான் பிரதிபலித்தது. எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்து "ஒண்ணும் தெரியலையே" என்று முணுமுணுத்தோம். அத்தை ஒன்றும் பேசாமல் முந்தானையை எடுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டு, கண்ணாடிக்கு நேர் மேலே குனிந்துவிட்டார். அந்தக் காலத்து போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விடுவாரே, அந்த மாதிரி. ஒரு நிமிடம் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது: "ஏ, கத்திரிக்கா மாதிரி கெடக்கு பாரு, ஒண்ணு, ரெண்டு, அந்தா மூணு." கடல் அட்டைகள். நானும் முந்தானைக்குள் தலையை விட்டேன். வெயில் மறைந்ததும் அடித்தளம் அப்படியே திறந்துகொண்டது. மணலில் கருநீலமாக அட்டைகள், பாறையின் இடுக்கில் வாயைத் திறந்து வைத்திருந்த ஒரு பெரிய சிப்பி, அதன் உதடு மட்டும் மயில் கழுத்து நிறத்தில். எங்கள் நிழல் பட்டதோ என்னவோ, மெதுவாக மூடிக்கொண்டது. அம்மா தண்ணீரில் இறங்கவே வேண்டாம் என்றாலும் இதற்காக அவரைக் கூட்டிப்போகலாம். ஒரு கனமான துண்டு எடுத்துப் போங்கள்.

நீங்கள் ஸ்நார்க்கலிங் செய்யுங்கள், அதாவது கண்ணாடி முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு மிதந்தபடியே கடலடியைப் பார்ப்பது. நீச்சல் தெரியத் தேவையில்லை. ரப்பர் வளையத்தைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தால் போதும், வழிகாட்டி இழுத்துக்கொண்டு போவார். எங்களுக்கு வந்தவர் ராஞ்சிக்காரர். சோட்டா நாக்பூர்ப் பக்கமிருந்து வந்து குடியேறியவர்களை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். முதலில் கைச்சைகை சொல்லிக்கொடுத்தார்: ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வட்டமாகச் சேர்த்தால் 'நன்றாக இருக்கிறேன்'. கட்டைவிரலைத் தூக்கினால் 'என்னை மேலே கொண்டுபோ'. என் பையன் முதல் மீனைப் பார்த்த சந்தோஷத்தில் 'சூப்பர்' என்று கட்டைவிரலைத் தூக்கிவிட்டான். அவர் உடனே அவனை வெளியே தூக்கிவிட்டார். மூன்று முறை இப்படி நடந்தது.

என் கணவருக்குப் பிரச்சினை மீசை. முகமூடியின் விளிம்பு மீசைமேல் சரியாகப் பதியாமல் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. மீசையில் வாசலின் தடவிக்கொண்டால் ஓரளவு நிற்கும் என்று அப்புறம் தெரிந்துகொண்டோம். இன்னொன்று, குப்புற மிதக்கும்போது வெயில் உறைக்காது, தண்ணீர் குளுமையாக இருக்கும். ராத்திரிதான் முதுகும் கெண்டைக்காலும் எரியும். முழுக்கை டீ-ஷர்ட், கால்வரை பேண்ட் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

எதைப் பார்க்கலாம் என்பதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் வரும் சிவப்பும் ஊதாவுமான பவளப் படங்களை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். 2010 கோடையில் கடல் சூடேறி அந்தமான் பவளப்பாறைகள் பெரிய அளவில் வெளிறின. பவள உயிரிக்குள் குடியிருந்து அதற்குச் சாப்பாடும் நிறமும் கொடுப்பது ஒரு நுண்பாசி. சூடு தாங்காமல் பவளம் அதை வெளியேற்றிவிடுகிறது, பிறகு வெள்ளை எலும்புக்கூடாக நிற்கிறது. சூடு நீடித்தால் செத்துப்போகிறது. நான் பார்த்ததில் நிறைய இடம் தவிட்டு நிறம்தான். நடுவில் திட்டுத் திட்டாக உயிரோடு இருக்கிறது, மான்கொம்பு மாதிரி கிளைத்தது, மூளை மாதிரி மடிப்பு விழுந்தது. மீன்களுக்குக் குறைவே இல்லை. கிளிமீன்கள் கூட்டமாக வந்து பாறையைக் கொறிக்கும். தண்ணீருக்குள் காதை வைத்தால் 'நறுக் நறுக்' என்று முறுக்குக் கடிக்கிற சத்தம் கேட்கும். பாசிக்காகப் பாறையைக் கடித்து அரைத்து, கல்லை மணலாகக் கழிக்கிறது அது. கரையில் நீங்கள் துண்டு விரித்து உட்காருகிற வெள்ளை மணலில் ஒரு பங்கு கிளிமீன் போட்டது. இதை அத்தையிடம் சொன்னேன், உடனே எழுந்து துண்டை உதறினார்.

பவளத்தின்மேல் நிற்காதீர்கள், கிளிஞ்சலோ பவளத் துண்டோ பையில் போடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, விமான நிலைய ஸ்கேனரில் பிடிபட்டால் விளக்கம் சொல்லி முடியாது.

தீவில் இரண்டு மூன்று மணி நேரம்தான். கடற்கரை சின்னது, ஓதம் ஏறினால் மணல் இன்னும் சுருங்கும். மணலில் படுத்துக் கிடக்கத்தான் ஆசை என்றால் ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரை போதும், இவ்வளவு சிரமம் வேண்டாம். கண்ணாடிப் படகு, ஸ்நார்க்கலிங் இரண்டும் நார்த் பே தீவிலும் உண்டு. பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்புறம் தென்னை மரங்களோடு இருக்குமே, அந்த இடம். ஊருக்கு எதிரிலேயே இருப்பதால் கூட்டமும் இரைச்சலும் அதிகம். முழங்கால் பிரச்சினை காரணமாக ஜாலி பாய் வேண்டாம் என்று முடிவெடுத்தால் அங்கே போங்கள்.

திரும்பி வந்ததும் வண்டூர் கடற்கரையைப் பார்த்துவிட்டு வாருங்கள், பெரிய பெரிய பட்ட மரங்கள் மணலில் சாய்ந்து கிடக்கும். அங்கே முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. குளிப்பதற்கு வலை கட்டித் தடுத்திருக்கிறார்கள். அலங்காரத்துக்கு வைத்த பலகை இல்லை அது, உப்புநீர் முதலைகள் நிஜமாகவே உண்டு. வலைக்கு வெளியே காலை நனைக்க வேண்டாம்.

கடைசியாக, இந்தப் பயணத்தை ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் வைத்துக்கொள்ளாதீர்கள். காற்று பலமாக இருந்தால் காலையில் வந்து நிற்பவர்களைப் 'படகு இல்லை' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டாம் நாளிலோ மூன்றாம் நாளிலோ வைத்தால் தள்ளிப்போட இடம் இருக்கும். ஏஜென்ட் மூலம் போவதாக இருந்தால் அனுமதிச் சீட்டு, படகு, கண்ணாடிப் படகு, ஸ்நார்க்கலிங் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, எது கட்டணத்தில் சேர்ந்தது என்று வாட்ஸ்ஆப்பில் எழுதி வாங்குங்கள். போனில் 'எல்லாம் சேர்த்துதான் மேடம்' என்றால் நம்பாதீர்கள்.