வேலைக்குப் போகும் அம்மா குழந்தையையும் வளர்த்துக்கொண்டு, சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாமல் வீட்டை நடத்த முடியுமா?

கேட்டவர் தன் நிலைமையை இரண்டு வரியில் சொல்லியிருக்கிறார். நாலு மாதக் குழந்தை, அடுத்த மாதம் வேலைக்குத் திரும்ப வேண்டும், டயாப்பரிலிருந்து பாத்திரம் தேய்க்கும் சோப்பு வரை எல்லாவற்றையும் இயற்கையானதாக மாற்ற ஆசை, நேரம்தான் இல்லை. ஏற்கெனவே வந்திருக்கும் பதில்களைப் படித்தேன். "விடியற்காலை 4 மணிக்கு எழுந்தால் எல்லாம் முடியும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதைப் பார்த்துத்தான் நான் எழுதவே உட்கார்ந்தேன். நாலு மாதக் குழந்தை இருக்கும் வீட்டில் 4 மணிக்கு யாரும் எழுந்திருக்க வேண்டியதில்லை சார், அந்த நேரத்துக்கு நாங்கள் இன்னும் படுக்கவே போயிருக்க மாட்டோம்.

முடியும். ஆனால் எல்லாமும் முடியாது, ஒரே மாதத்திலும் முடியாது. உங்கள் வேலையைக் குறைக்கிற மாற்றத்தை முதலில் எடுங்கள். கூட்டுகிற மாற்றம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மூன்றாவது வாரம் கைவிட்டுவிடுவீர்கள். நான் இதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

என் பெரியவளுக்கு இப்போது ஆறு வயது. அவள் பிறந்தபோது, ஒரு குழந்தை வருடக்கணக்கில் போட்டுக் கழற்றுகிற டயாப்பர் எல்லாம் கடைசியில் பெருங்குடி, கொடுங்கையூர் மாதிரிக் குப்பை மேட்டில்தானே போய்க் கிடக்கும் என்று மனசு உறுத்தி, துணி டயாப்பர் ஒரு டஜனுக்கு மேல் வாங்கினேன். வெளியே தண்ணீர் கசியாத உறை, உள்ளே நாலைந்து அடுக்குத் துணி வைத்துச் செருக வேண்டும். யானைப் படம், மயில் படம் எல்லாம் போட்டு அவ்வளவு அழகாக இருக்கும். வாங்கியது ஜூலையில். சென்னை வெயிலில் மதியத்துக்குள் காய்ந்துவிடும். கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டுப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் எல்லாம் வைத்தேன், இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அக்டோபர் கடைசியில் மழை பிடித்தது. எங்களுடையது இரண்டாவது மாடி, பால்கனி என்ற பெயரில் ஒரு ஆள் நிற்கிற இடம். அந்த நாலடுக்குத் துணி இரண்டு நாள் ஆனாலும் நடுவில் ஈரமாகவே இருக்கும். ஹாலில் குறுக்கும் நெடுக்குமாக நைலான் கயிறு, மேலே ஃபேன், வீடு முழுக்க ஒரு மக்கல் வாடை. சரியாகக் காயாததைப் போட்டு அவளுக்குத் தொடையெல்லாம் சிவந்துவிட்டது. வாசனையாக இருக்கட்டும் என்று துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றி அலசினேன், அது துணியின் உறிஞ்சும் தன்மையையே கெடுத்துவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் ராத்திரி 11 மணிக்கு அயர்ன் பாக்ஸை வைத்துக்கொண்டு யானைப் படத்தின் மேல் தேய்த்துக்கொண்டிருந்தேன், அப்படியே அழுதுவிட்டேன். மறுநாள் ஆபீஸில் கணக்கு முடிக்கிற நாள் வேறு.

அந்த வாரம் அம்மா விருதுநகரிலிருந்து வந்தார். கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதையா காசு கொடுத்து வாங்குனே?" என்று கேட்டுவிட்டு, பையிலிருந்து அப்பாவின் பழைய வேட்டியை எடுத்துச் சதுரம் சதுரமாகக் கிழித்தார். முக்கோணமாக மடித்து இடுப்பில் ஒரு முடிச்சு. அவ்வளவுதான். ஒற்றைத் துணி என்பதால் அலசிப் பிழிந்து ஃபேன் அடியில் போட்டால் சீக்கிரமே காய்ந்துவிடும், அயர்ன் பாக்ஸ் வேண்டாம். ஆமாம், குழந்தை ஒன்றுக்குப் போனால் உடனே தெரியும், உடனே மாற்ற வேண்டும், தரையையும் துடைக்க வேண்டும். ஆனால் ஈரத்தோடு உட்கார்ந்திருக்க மாட்டாள் என்பதால் சிவப்பும் போய்விட்டது. வீட்டில் யாராவது இருக்கும் பகலில் வேட்டித் துணி, ராத்திரிக்கும் வெளியே போகவும் கடை டயாப்பர். நாளுக்கு ஏழெட்டு ஆனது மூன்றாகக் குறைந்தது. யானையும் மயிலும் இன்னும் பரணில் இருக்கின்றன.

இந்த இடத்தில் யாராவது வந்து "அந்த மூன்று மட்டும் குப்பை இல்லையா, எங்கள் பாட்டி ஒன்பது பிள்ளை பெற்றார், ஒரு டயாப்பர் வாங்கவில்லை" என்று சொல்வீர்கள், தெரியும். உங்கள் பாட்டி வீட்டில் குழந்தையைத் தூக்க எத்தனை கை இருந்தது என்று எண்ணிவிட்டு வாருங்கள். 2016-ல் வந்த திடக்கழிவு விதிகளில், டயாப்பர், நாப்கின் தயாரிப்பவர்கள் மறுசுழற்சிக்கு ஏற்ற பொருளுக்கு மாறப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பயன்படுத்தியதைச் சுற்றிப் போட ஒவ்வொன்றுக்கும் ஒரு உறை கொடுக்க வேண்டும் என்று இருந்தது. நான் வாங்கிய டயாப்பர் பாக்கெட் எதிலும் அந்த உறையைப் பார்த்ததில்லை. பழைய செய்தித்தாளில் நானே சுற்றிக் கட்டித்தான் போட்டேன். குற்ற உணர்ச்சி மட்டும் அம்மாக்களுக்கு இலவசமாக வந்துவிடுகிறது.

உங்களுக்கு இன்னொரு தடை வரும், குழந்தைகள் காப்பகம். நான் விட்ட இடத்தில் துணி கட்டி அனுப்பக் கூடாது, கடை டயாப்பர் பாக்கெட்டாகவே கொடுத்துவிட வேண்டும் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், எட்டு குழந்தைக்கு ஒரு ஆயா, அந்த அம்மா எத்தனை துணியைத்தான் அலசுவார்? எனக்குக் கோபம் வேறு இடத்தில். 2017-ல் மகப்பேறு பயன் சட்டத்தைத் திருத்தியபோது, 26 வாரம் விடுப்போடு, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நாலு தடவை போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வரலாம் என்றும் கொண்டுவந்தார்கள். நான் குழந்தை பெற்று வேலைக்குத் திரும்பியபோது எங்கள் ஆபீஸில் நூற்றுச் சொச்சம் பேர். கேட்டேன். "நீங்கள் ஒருத்தர்தானே கேட்கிறீர்கள்" என்றார் மேலாளர். அந்த வருடம் மகளிர் தினத்துக்கு எங்கள் எல்லாருக்கும் ஒரு பிளாஸ்டிக் ரோஜா கொடுத்தார்கள். சரி, கேள்வி இது இல்லை, விட்டுவிடுகிறேன்.

மற்றதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். சோப்பு மாதிரி நுரைக்கும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பாத்திரம் தேய்ப்பதை முயன்றேன். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்கா ஒரே வாரத்தில் "பிசுக்குப் போக ரெண்டு தடவை தேய்க்கணும்னா சம்பளமும் ரெண்டு தடவை குடு" என்றார். நியாயம்தான். என் கொள்கைக்கு அவர் ஏன் கை வலிக்கத் தேய்க்க வேண்டும்? சோப்புக் கட்டிக்குத் திரும்பிவிட்டோம். காய்கறித் தோலை மக்க வைத்ததில் முதல் தடவை புழு நெளிந்து மாமியார் அலறினார். ஈரம் அதிகம் என்பதுதான் காரணம், தேங்காய் நார்த்தூளும் காய்ந்த இலையும் கலந்ததும் அடங்கிவிட்டது. அது இன்னும் ஓடுகிறது, ஏனென்றால் அது என் கணவர் பொறுப்பு. ஒரு நாளும் நான் தொட்டதில்லை.

ஒட்டிக்கொண்டவை எல்லாம் சோம்பேறிகளுக்கானவை. நான்-ஸ்டிக் கல் கீறல் விழுந்ததும் இரும்பு தோசைக்கல்லுக்கு வந்தோம். முதல் பத்து தோசை பிய்ந்தது, அப்புறம் எண்ணெயும் பாதி வெங்காயமும் தேய்த்துத் தேய்த்துப் பழகிவிட்டது, இனி ஆயுசுக்கும் கல் வாங்க வேண்டாம். (இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு மட்டும் வைக்காதீர்கள், கறுத்துப் போய் ஒரு வாடை வரும்.) டிபனுக்கு எவர்சில்வர் டப்பா, மஞ்சள் கறை பிடிக்காது, அதுவே எனக்குப் போதுமான காரணம். காலையில் கிளம்பும்போது பாசிப்பயறையோ கொண்டைக்கடலையையோ ஊறப்போட்டால் சாயங்காலம் சுண்டல், பிஸ்கட் பாக்கெட் வாங்குவது பாதியாகக் குறைந்தது. முழுசாக நிற்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

உங்களுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. புதிதாக எதுவும் வாங்காதீர்கள். ஊரில் யார் வீட்டிலாவது பழைய வேட்டி நாலு கேட்டு வாங்கி வையுங்கள். சுத்தப் பருத்தியா என்று மட்டும் பாருங்கள், பாலியெஸ்டர் கலந்தது அவ்வளவாக உறிஞ்சாது. துவைத்துத் துவைத்து நைந்ததாக இருந்தால் இன்னும் நல்லது.