ஆளை விட்டு வந்தாச்சு, மனசு வரமாட்டேங்குது – கேள்வி பதில்

நம்மள கட்டுப்படுத்தி வெச்சிருந்த ஆளை விட்டு வந்த பிறகும் மனசு அங்கயே சுத்துதுன்னா என்கிட்ட கேளுங்கன்னு சொன்னேன், இவ்ளோ வரும்னு நெனைக்கல. நான் தருமபுரியில 12 வருஷமா கவுன்சிலிங் வேலை பாக்கறேன். யார் பேரும் போடல, ஊர் மட்டும்தான், அதும் ரெண்டு மூணு பேருக்கு மாத்திதான் போட்ருக்கேன். நான் வக்கீல் கெடையாது, சட்டம் பத்தி சொல்றது என் வேலையில தெனம் பாக்கற அளவுக்குத்தான்.

ஓசூர், வயசு 26: கம்பெனி வேலை. மூணு வருஷம் ஒருத்தர்கூட இருந்தேன் அக்கா. சம்பளம் வந்த அன்னிக்கே ஏடிஎம் கார்டு அவர்கிட்ட போய்டும், ஷிப்ட் முடிஞ்சு பஸ் ஏறினா வீடியோ கால்ல பக்கத்து சீட்ல யாருன்னு காட்டணும். விட்டு வந்து 4 மாசம் ஆச்சு. ஆனா ராத்திரி ஆனா எனக்கு ஜுரம் வந்தப்ப அவர் கஞ்சி வெச்சு ஊட்டினதுதான் ஞாபகம் வருது. எனக்கு என்ன பைத்தியமா?

பைத்தியம்லாம் இல்ல கண்ணு. உங்க பக்கத்துலயே உதாரணம் இருக்கு, ராயக்கோட்டை பாலக்கோடு தக்காளி. பத்து தடவ பறிக்கற கூலி கூட கட்டாம ரோட்டோரம் கொட்டிட்டு போவாங்க, அப்புறம் 2023 ஜூலை மாதிரி ஒரு தடவ கிலோ 100 ரூபாய தாண்டும், அந்த ஒரு தடவைய நெனச்சே அடுத்தடுத்து நட்டுக்கிட்டே இருப்பாங்க. எப்பவுமே வெலை வராதுன்னு தெரிஞ்சிருந்தா என்னிக்கோ விட்டுட்டு கேழ்வரகு போட்ருப்பாங்க. அந்த கஞ்சிதான் உங்களுக்கு 100 ரூபா தக்காளி.

இத கண்டுபிடிச்சு 'ட்ரமாட்டிக் பாண்டிங்'னு (கொடுமையில உண்டாகற ஒட்டுதல்) பேர் வெச்சவங்க இருக்காங்க, டொனால்ட் டட்டன், சூசன் பெயின்டர்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளருங்க, 1981ல. அவங்க சொன்னது ரெண்டே விஷயம். ஒருத்தர் கை மேல இன்னொருத்தர் கை கீழன்னு இருக்கணும், அப்புறம் கொடுமையும் பாசமும் எப்ப எது வரும்னு தெரியாம மாறி மாறி வரணும். இந்த ரெண்டும் சேந்தா ஒட்டுதல் கொறையாது, இறுகும். பயமுறுத்தின ஆளேதான் பயத்த போக்கறதுக்கும் வர்றான், ஒடம்புக்கு அந்த நிம்மதி மட்டும் பதிஞ்சுடுது. ஏங்கறீங்கங்கறதால அது பெரிய காதல்னு அர்த்தமாகாது, எவ்ளோ பயந்து இருந்திருக்கீங்கன்னு அர்த்தம்.

கஞ்சி குடுத்தது பொய்னு நான் சொல்லமாட்டேன். நெஜம்தான். நீங்க ஒரு வேலை பண்ணுங்க, கஞ்சிய மட்டும் எழுதாம அந்த ஜுரம் வந்த வாரம் முழுசையும் ஒரு நோட்ல எழுதுங்க, திங்கள்ல இருந்து ஞாயிறு வரைக்கும். காரிமங்கலம் பக்கத்து பொண்ணு ஒன்னு இதே மாதிரி "எனக்கு தைலம் தேச்சு விட்டாரு மேடம்"னு அழுதுச்சு, எழுத சொன்னேன், எழுதிக்கிட்டே வந்து பாதியில பேனாவ வெச்சிடுச்சு. ஜுரம் ஏன் வந்துச்சுன்னா அதுக்கு முந்தின ராத்திரி போன் பாஸ்வேர்ட் சொல்லலைன்னு மழையில வெளிய நிக்க வெச்சு கதவ தாழ் போட்டிருக்கான்.

அரூர், வயசு 29: பிளாக் பண்ணிட்டேன். ஆனா ராத்திரி 11 மணிக்கு மேல பிளாக்க எடுத்து டிபி பாத்துட்டு திரும்ப பிளாக் பண்றேன். வெக்கமா இருக்கு.

வெக்கப்படாதீங்க, நான் பாக்கறவங்கள்ல முக்காவாசி பேர் இத பண்றாங்க. (நானும் ஒரு காலத்துல ஒருத்தர் வண்டி நிக்குதான்னு பாக்கறதுக்காக நாலு ரோட்ல ரெண்டு ஸ்டாப் முன்னாடியே எறங்கி நடந்தவதான், அப்ப வாட்ஸ்அப் இல்ல அவ்ளோதான் வித்தியாசம்.) ஹெலன் ஃபிஷர்னு அமெரிக்க ஆராய்ச்சியாளர், 2010ல காதல்ல கைவிடப்பட்ட 15 பேர ஸ்கேன்ல படுக்க வெச்சு பழைய ஆள் போட்டோவ காட்டி பாத்தாங்க, கொக்கைன் பழக்கம் உள்ளவங்களுக்கு ஏக்கம் வர்றப்ப வேலை செய்யற மூளைப்பகுதிங்க இவங்களுக்கும் வேலை செஞ்சுது. அப்ப நீங்க டிபி பாக்கறது வேவு பாக்கற மாதிரி கெடையாது, விட்டவன் ஒரு இழுப்பு இழுத்து பாக்கற மாதிரி.

அதனால "நெனைக்கவே கூடாது"ன்னு உக்காராதீங்க, அது நடக்காது. 1987ல டேனியல் வெக்னர்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர் மாணவங்ககிட்ட வெள்ளைக் கரடிய மட்டும் நெனைக்காதீங்கன்னு சொன்னாரு, அவங்களுக்கு அதேதான் திரும்ப திரும்ப வந்துச்சு. நெனப்பு வரட்டும், கைய மட்டும் கட்டுங்க. 11 மணிக்குத்தான் தொல்லைன்னா 10 மணிக்கு போன சார்ஜர்ல போட்டு அம்மா ரூம்ல வெச்சுடுங்க. தூக்கம் வராம கை பரபரன்னா இருபது நிமிஷம் மட்டும் தள்ளுங்க, இருபது கழிச்சு இன்னொரு இருபது. இன்னொன்னு, ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கற பிரண்டோட ஸ்டேட்டஸ மியூட் பண்ணுங்க, எல்லாரும் அவன பிளாக் பண்ணிட்டு இத மறந்துடறாங்க, அங்க அவன் கல்யாண வீட்ல சிரிச்சுக்கிட்டு நிக்கறத பாத்துட்டு மறுநாள் எனக்கு போன் பண்றாங்க.

காவேரிப்பட்டணம், வயசு 34: எனக்கு பிளாக்கே பண்ண முடியாது, குழந்தை இருக்கு. ஞாயித்துக்கெழம பாக்க வர்றாரு. வந்தா "எளச்சு போய்ட்டியே, சாப்பிடறியா இல்லையா"ன்னு ஒரே வார்த்தை, எனக்கு ஒரு வாரம் போய்டுது.

இதான் இருக்கறதுலயே கஷ்டமான நெலம, சும்மா தைரியமா இருங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல. மொதல்ல குழந்தைய உங்க வீட்டு வாசல்ல வெச்சு குடுக்கறத நிறுத்துங்க. வீட்டு வாசல்னா தண்ணி குடிக்கணும், செருப்ப கழட்டணும், பேச்சு உள்ள வந்துடும். பஸ் ஸ்டாண்ட் பேக்கரி, கோயில் வாசல்னு நாலு பேர் இருக்கற எடமா வைங்க, முடிஞ்சா உங்க அண்ணனோ சித்தப்பாவோ கொண்டு போய் விடட்டும். பேச்சு முழுக்க மெசேஜ்லதான், அதும் குழந்தை பத்தி மட்டும். "எளச்சு போய்ட்டியே"க்கு பதிலே கெடையாது. "ஊசி போட்டாச்சு, 5 மணிக்கு கொண்டு வந்து விடுங்க", முடிஞ்சுது. திட்டவும் வேணாம், திட்டறதும் அவருக்கு ஒரு கயிறுதான், புடிச்சு இழுப்பாரு. ரெண்டு மூணு வாரம் நீங்க இப்படி இருந்தா அவர் சும்மா இருக்கமாட்டாரு, மொதல்ல அழுவாரு, அப்புறம் மெரட்டுவாரு, அதுக்கு தயாரா இருங்க.

மெரட்டல் வந்தா 2005 குடும்ப வன்முறை சட்டத்துல வழி இருக்கு. அடிச்சாதான் வன்முறைன்னு ஊர்ல இன்னும் நெனைக்கறாங்க, அந்த சட்டத்துல மனசளவுல பண்றது, காசு புடுங்கி வெக்கறது எல்லாமே வரும், கல்யாணம் ஆகாம கணவன் மனைவி மாதிரி ஒரே வீட்ல இருந்தவங்களுக்கும் வரும் (ஓசூர் தங்கச்சி, ஒரே வீட்ல இருந்திருந்தா இது உங்களுக்கும்தான்). உங்கள தொடர்பு கொள்ளக் கூடாதுன்னு மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம், குழந்தைய யார் எப்ப பாக்கறதுன்னும் தற்காலிகமா முடிவு பண்ணலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்துல பாதுகாப்பு அலுவலர்னு இருப்பாங்க, அவங்கள பாருங்க. வக்கீலுக்கு காசு இல்லைன்னு தள்ளிப் போடாதீங்க, பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்ளோ இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல இலவசமா வக்கீல் குடுப்பாங்க.

பாலக்கோடு, வயசு 24: அவர் வாங்கிக் குடுத்த வாட்ச், போன் எல்லாம் திருப்பிக் குடுத்துடவா? நேர்ல போய் குடுத்தா மரியாதையா இருக்கும்னு தோணுது.

குடுக்கறதுன்னா கூரியர்ல அனுப்புங்க. நேர்ல போகணும்னு தோணுது பாருங்க, அங்க மரியாதை எங்க வந்துச்சு?

பென்னாகரம், அம்மா, வயசு 52: என் பொண்ணு எட்டு வருஷம் கஷ்டப்பட்டு இப்ப எங்க வீட்டுக்கு வந்துட்டா. ஆனா மாப்பிள்ளைய நான் ஒரு வார்த்தை சொன்னா என் மேலயே பாயறா. சொந்தக்காரங்க சேத்து வெச்சிடுங்கறாங்க. நான் என்னதாம்மா பண்றது?

அம்மா, நீங்க திட்டற வரைக்கும் அவ அவனுக்கு வக்கீலாதான் இருப்பா. நீங்க ஒரு பக்கம் முழுசா எடுத்துக்கிட்டா அவ மனசுல மிச்சம் இருக்கற இன்னொரு பக்கத்த யாராச்சும் பேசணும் இல்ல, அத அவளே பேசறா. கொஞ்ச நாள் அவன் பேச்சையே எடுக்காதீங்க. அவளா எடுத்தா "அப்ப உனக்கு எப்படி இருந்துச்சு"ன்னு மட்டும் கேளுங்க, நல்லத சொன்னாலும் கேட்டுக்குங்க. "நான் அப்பவே சொன்னேன்" மட்டும் வேணாம், அத கேக்கறதுக்கு பதிலா அந்த வீட்டுக்கே போய்டலாம்னு பஸ் ஏறினவங்கள நான் பாத்திருக்கேன்.

சேத்து வெக்கற சொந்தக்காரங்கள நீங்கதான் வாசல்லயே நிறுத்தணும், அவகிட்ட விடாதீங்க. காப்பி குடுங்க, பஞ்சாயத்துக்கு எடம் குடுக்காதீங்க. அப்புறம் எங்க போற, எப்ப வருவ, யார் போன்லன்னு கேக்கறத கொஞ்சம் கொறைங்க. உங்களுக்கு அது அக்கறை, ஆனா எட்டு வருஷம் அதே கேள்விக்கு பதில் சொல்லிட்டு வந்தவளுக்கு எல்லாம் ஒரே குரல்ல கேக்கும்.

ஊத்தங்கரை, வயசு 31, ஆண்: எல்லாரும் பொண்ணுங்க பத்தியே பேசறீங்க. எனக்கு இருந்தது ஒரு பொண்ணு. பிரண்ட்ஸ் எல்லாரையும் விட வெச்சா, தங்கச்சிகிட்ட பேசினா கூட சண்டை. வெளிய சொன்னா சிரிக்கறாங்க.

நான் சிரிக்கல தம்பி. ஒட்டுதல் இறுகற விதம் ஆம்பளைக்கும் இதேதான், கஞ்சி, டிபி எல்லாமே பொருந்தும். சட்டம் மட்டும் வேற, மேல சொன்ன 2005 சட்டத்துல பொம்பளைங்கதான் புகார் குடுக்க முடியும், உங்களுக்கு மெரட்டல் இருந்தா ஸ்டேஷன்ல சாதாரண புகாராதான் போகணும். மனசுக்கு 14416 கூப்பிடுங்க, டெலி மானஸ், அரசாங்கத்தோடது, காசு கெடையாது, தமிழ்ல பேசலாம். மொதல்ல தங்கச்சிக்கு போன் போடுங்க. அது கோவமா இருக்கும், திட்டட்டும், வாங்கிக்குங்க.

பர்கூர், வயசு 27: திரும்ப வரலைன்னா மருந்து குடிச்சிடுவேன்னு பாட்டிலோட போட்டோ அனுப்பறான். நேத்து இன்னொன்னும் சொன்னான், நம்ம போட்டோங்கள ஊருக்கே அனுப்பிடுவேன்னு. தூக்கமே இல்லக்கா.

இது ரெண்டு விஷயம், தனித்தனியா பாருங்க. மருந்து பாட்டில நாடகம்னு தள்ளாதீங்க, நெஜமாவும் இருக்கலாம், ஆனா போய் காப்பாத்த வேண்டிய ஆள் நீங்க கெடையாது. அவன் வீட்ல யாருக்காச்சும் உடனே சொல்லுங்க, 108க்கோ 112க்கோ கூப்பிட்டு அவன் இருக்கற எடத்த சொல்லுங்க, போட்டோவ ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. நீங்க மட்டும் தனியா கெளம்பிடாதீங்க. நெஜமா இருந்தா உதவி போய்டும், நாடகமா இருந்தா அடுத்த தடவ பாட்டில் எடுக்க யோசிப்பான்.

போட்டோ மெரட்டலுக்கு கெஞ்சவும் வேணாம், எதுவும் அழிக்கவும் வேணாம், அதான் சாட்சி. 1930 கூப்பிடுங்க, சைபர் கிரைம்ல புகார் போடுங்க, அந்தரங்க போட்டோவ சம்மதம் இல்லாம பரப்பினா தகவல் தொழில்நுட்ப சட்டம் (ஐடி சட்டம்) 66இ பிரிவுல மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. வேணாம்னு சொன்ன பிறகும் விடாம பின்னாடி வந்தா, மெசேஜ் பண்ணிக்கிட்டே இருந்தா அது பாரதிய நியாய சன்ஹிதா (ஐபிசிக்கு பதிலா வந்த சட்டம்) 78வது பிரிவு, அதும் தனியா குத்தம். ஸ்டாப்என்சிஐஐன்னு ஒரு தளம் இருக்கு, போட்டோவ எங்கயும் அனுப்பாம உங்க போன்லயே அதுக்கு ஒரு அடையாள எண் போட்டு, சேந்திருக்கற ஆப்புங்கள்ல அது ஏறாம தடுக்க பாப்பாங்க. ஸ்டேஷனுக்கு தனியா போக பயமா இருந்தா 181 (பெண்கள் உதவி எண்) கூப்பிட்டு ஒருங்கிணைந்த சேவை மையத்துல ஆள் கூட்டிக்கிட்டு போங்க. இன்னிக்கு ராத்திரியே வீட்ல ஒருத்தர்கிட்டயாவது சொல்லிடுங்க, அவன் மெரட்டல்ல பாதி பலம் "யாருக்கும் தெரியாது"ங்கறதுலதான் இருக்கு.

நல்லம்பள்ளி, வயசு 38: சபரிமலைக்கு மாலை போட்டிருக்காரு, குடிக்கறதில்ல, ஆளே மாறிட்டாருன்னு எல்லாரும் சொல்றாங்க.

மாலை கழட்டின பிறகு பாப்போம். மாறிட்டாரான்னு தெரியணும்னா ஒரே ஒரு தடவ "இப்ப வர முடியாது"ன்னு சொல்லுங்க, அதுக்கு அப்புறம் ஒரு மாசம் அவர் எப்படி இருக்காருன்னு பாருங்க.

கிருஷ்ணகிரி, வயசு 30: ஆறு மாசமாச்சு. இன்னும் எவ்ளோ நாள்தான் ஆகும்?

மேல சொன்ன டட்டனும் பெயின்டரும் 1993ல இன்னொன்னு வெளியிட்டாங்க, அந்த மாதிரி ஆளுங்கள விட்டு வந்த 75 பெண்கள பாத்து, ஆறு மாசம் கழிச்சு திரும்ப பாத்தாங்க. ஒட்டுதல் சுமார் 27 சதவீதம்தான் கொறஞ்சிருந்துச்சு. கால்வாசிக்கு கொஞ்சம் மேல. அப்ப உங்களுக்கு இன்னும் இருக்குன்னா நீங்க லேட் கெடையாது. சோறு தண்ணி எறங்கல, தூக்கம் ரெண்டு வாரத்துக்கு மேல போச்சு, செத்துடலாம்னு தோணுதுன்னா மட்டும் காத்திருக்காதீங்க, ஜிஎச்ல மனநல டாக்டர பாருங்க.

தருமபுரி டவுன், வயசு 33: எங்க போனாலும் யார்கிட்டயோ சொல்லாம வந்துட்ட மாதிரி குத்த உணர்ச்சியா இருக்கு. கடைக்கு போய்ட்டு வர லேட்டானா நெஞ்சு அடிச்சுக்குது. வீட்ல கேக்க ஆளே இல்ல.

மொரப்பூர்ல இருந்து ஒரு பொண்ணு வரும் என்கிட்ட. எங்க போனாலும் பஸ் டிக்கெட்ட போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பணும், நேரம் தெரியணும்ல. விட்டு வந்து ஏழு மாசம் கழிச்சு என் எதிர்ல உக்காந்து போன காட்டுச்சு, கேலரி முழுக்க டிக்கெட்டு. அனுப்பறதுக்கு ஆள் இல்ல, ஆனா டிக்கெட் கைக்கு வந்ததும் போன் தானா வெளிய வந்துடுதுன்னுச்சு. அழிக்க சொல்லல நான். அடுத்த தடவ டிக்கெட்ட வாங்கி கையில வெச்சுக்கிட்டு ரெண்டு ஸ்டாப் வரைக்கும் போட்டோ எடுக்காம இருந்து பாருன்னேன். மொத நாள் வேர்த்து கொட்டிடுச்சாம், பாதி வழியில எறங்கிடலாமான்னு ஆயிடுச்சாம். அப்புறம் மூணு ஸ்டாப். நெஞ்சு அடிக்கறத நிறுத்திட்டு போகணும்னா என்னிக்கும் போக முடியாது, அடிச்சுக்கிட்டே போகணும், போய் ஒன்னும் ஆகலன்னு ஒடம்புக்கு காட்டணும்.

நீங்க ஒரு ஞாயித்துக்கெழம ஹொகேனக்கல் பஸ் ஏறுங்க. ஒரு தோழிகிட்ட மட்டும் சொல்லிட்டு போங்க, ஆத்துல தண்ணி ஜாஸ்தின்னா பரிசல் இருக்காது, கேட்டுட்டு போங்க. மீன் வறுவல் வாங்கி ஒக்காந்து நிதானமா தின்னுட்டு, வேணும்னே கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ல வாங்க. வந்துட்டு எப்படி இருந்துச்சுன்னு எழுதுங்க, அடுத்த தடவ அதுல இருந்து ஆரம்பிக்கலாம்.