பர்மா கௌஸ்வே வீட்டில் ஏன் சொதப்புகிறது?

கோவை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சென்னையில் சாப்பிட்ட பர்மா கௌஸ்வே நாக்கிலேயே நிற்கிறது. வீட்டில் செய்தபோது, இறக்கும் முன் எலுமிச்சம்பழம் பிழிந்ததும் தேங்காய்ப்பால் திரிந்துவிட்டது. குழம்பில் பஜ்ஜி மாவு வாடை வேறு. மாமியார் சைவம். மீன் சாஸ் இல்லாமல் செய்ய வழி உண்டா?"

உண்டு. முதலில் திரிந்த கதையைப் பார்ப்போம். பர்மியப் பெயர் 'ஓன்னோ கௌஸ்வே'. ஓன்னோ என்றால் தேங்காய்ப்பால், கௌஸ்வே என்றால் நூடுல்ஸ். இதில் புளிப்பு சட்டிக்குள் போவதே இல்லை. எலுமிச்சைத் துண்டு, மீன் சாஸ், எண்ணெயில் வறுத்த மிளகாய்த்தூள், நறுக்கிய பச்சை வெங்காயம் எல்லாம் மேசையில் தனித்தனியாக இருக்கும். அவரவர் கிண்ணத்தில் அவரவர் கலந்துகொள்வார்கள். உங்கள் சைவச் சிக்கலில் பாதி இங்கேயே தீர்ந்துவிடுகிறது. மீன் சாஸை மேசைக்கு அனுப்பிவிட்டு, சட்டியில் உப்பு மட்டும் போடுங்கள்.

கெட்டிப்பாலைக் கடைசியில், தீயைக் குறைத்துவிட்டு ஊற்றுங்கள். ஓரத்தில் சிறு குமிழி வந்ததும் அடுப்பை அணைத்துவிடலாம். சொதிக்கு நாம் செய்வதுதான்.

இனி கடலை மாவு. தண்ணீரில் கரைத்து நேரே ஊற்றினால் பஜ்ஜி வாடை வரத்தான் செய்யும். நான்கு பேருக்கு 4 மேசைக்கரண்டி மாவு போதும். வெறும் வாணலியில் சிறு தீயில் ஐந்தாறு நிமிடம் வறுங்கள். முதலில் ஒரு பச்சை வாடை வரும், பிறகு உருண்டை பிடிக்கும்போது வருகிற அந்த வாசனை எழும். நிறம் மாறத் தொடங்கும்போதே தட்டில் கொட்டிவிடுங்கள், வாணலிச் சூட்டிலேயே கருகிவிடும். நன்றாக ஆறியபின் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, இரண்டாம் பாலோடு சேர்த்துக் கால் மணி நேரமாவது கொதிக்க விடுங்கள். மாவு வெந்த குழம்பில் கெட்டிப்பாலும் எளிதில் திரியாது.

இதற்கெல்லாம் முன்னால் வெங்காயம். மூன்று பெரிய வெங்காயம், ஏழெட்டுப் பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சியைக் கொரகொரப்பாக அரைத்து, தாராளமான எண்ணெயில் மஞ்சள்தூள், மிளகாய்த்தூளோடு வதக்க வேண்டும். எதுவரை? பர்மாவில் 'சீ ப்யான்' என்பார்கள், எண்ணெய் திரும்பி வருவது என்று பொருள். நம் வீட்டில் 'எண்ணெய் பிரியும் வரை' என்கிறோமே, அதேதான். இருபது நிமிடம் பிடிக்கும். இங்கே அவசரப்பட்டால் பின்னால் எதைப் போட்டும் சரிவராது. கோழியை இதில் புரட்டி வேகவிட்டு, அப்புறம் மாவுக் கரைசல். கரம் மசாலாவும் கறிவேப்பிலைத் தாளிப்பும் வேண்டாம் என்பது என் பிடிவாதம். போட்டால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது கோழிக் குருமாவில் நூடுல்ஸ்.

மாமியாருக்குக் கோழிக்குப் பதில் காளானும் பொரித்த டோஃபுவும். மீன் சாஸ் தருவது உப்பு மட்டுமல்ல, புளிக்கவைத்ததில் வரும் அடிச்சுவையும்தான். பர்மாவில் கடலில்லாத ஷான் மாநிலத்தில் அந்தச் சுவைக்குப் புளிக்கவைத்த சோயா வில்லைகளைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே ஒன்றரை மேசைக்கரண்டி சோயா சாஸ் ஊற்றுவது நியாயமான மாற்றுதான். வெளிர் வகையாகப் பார்த்து வாங்குங்கள், கறுப்பு வகை குழம்பைச் சேற்று நிறமாக்கிவிடும்.

நூடுல்ஸுக்குக் கடையில் கிடைக்கும் ஹக்கா நூடுல்ஸ் போதும். இடியாப்பம் இந்தக் கெட்டிக் குழம்பில் ஊறிக் கரைந்துவிடும். மெல்லிய அரிசி நூடுல்ஸ்தான் பிடிக்கும் என்றால் மொய்ங்கா செய்து பாருங்கள். மீனும் வாழைத்தண்டும் போட்ட குழம்பு அது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் சென்னை பர்மா பஜார் பக்கம் கொண்டுவந்த அத்தோ (பர்மிய நூடுல்ஸ் கலவை) கடைகளில் வாழைத்தண்டு சூப் தருவார்களே, அது எனக்கு எப்போதும் மொய்ங்காவைத்தான் நினைவூட்டும்.

வேகவைத்த நூடுல்ஸில் ஒரு கைப்பிடி எடுத்து, ஈரம் போக உலர்த்தி, மொறுமொறுவென்று பொரித்து வையுங்கள். அவித்த முட்டையோடு அதையும் மேலே தூவினால்தான் கௌஸ்வே. குழம்பு மிஞ்சினால் மறுநாள் களி மாதிரி இறுகியிருக்கும். வெந்நீர் விட்டுத் தளர்த்தி, சிறு தீயில் சூடாக்குங்கள்.